அழுகையும் சிணுங்கலும்

ஜூன் 3, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. இரண்டாம் ஆண்டுக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் இந்த முறையும் என் தலையில்தான். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

சாயங்காலம் பொன்மலைப்பட்டிக்குப் போய்த் தம்பி பரிதியைப் பார்த்தேன். அவன் மனைவி ஆக்னஸுக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். இரண்டு பேருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. அவர்கள் கையால் சொல்வதை இங்கே நான் பேச்சாகவே எழுதிக்கொள்கிறேன்.

"குழந்தை அழுதா உங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்று பரிதியிடம் கேட்டேன். சிரித்தான். "சாப்ட்டுட்டுப் போக்கா" என்றான். சிரிப்பது இதற்குப் பதில் இல்லை.

என் பிஎச்டி ஆறாவது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கைடு வைத்தியலிங்கம் சார் போன வாரம்கூடச் சொன்னார். "பாடப்புத்தகத்துல இருக்கற சர்க்யூட்டையெல்லாம் சின்னதாக்கிக் காட்டியாச்சும்மா. நெஜமா ஒரு உபயோகம் காட்டுங்க." குழந்தை அழுதால் அம்மாவின் மணிக்கட்டில் அதிரும் ஒரு வாட்ச். உபயோகமும் ஆயிற்று. ஆராய்ச்சிக்காகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போட்டேன். வாட்டர் கேன்காரர் வரவில்லை.

இதற்கு ஃபோனில் ஆப் உண்டு. ஆனால் ஃபோன் ஒரு மூலையில் சார்ஜில் கிடக்கும். எனக்கு வேண்டியது எப்போதும் கையில் கிடப்பது, பொத்தான் பேட்டரி ஒன்றில் மாதக்கணக்கில் ஓடுவது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் மிகச் சிறியதாக இருக்கவேண்டும். ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே விஷயம் தெரிந்த லாஜிக் கேட்டுகளைக் கோத்துத்தான் சர்க்யூட் செய்கிறோம். ஒவ்வொரு கேட்டும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் குடிக்கும்.

அதை நான் உட்கார்ந்து வரையப்போவதில்லை. தாறுமாறாகக் கோத்த சில நூறு சர்க்யூட்டுகளைக் கம்ப்யூட்டரே உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் பதிவுசெய்த சத்தங்களைக் கொடுத்து, இது அழுகையா இல்லையா என்று கேட்கும். அதிகம் சரியாகச் சொன்னவை பிழைக்கும். அவற்றில் அங்கங்கே ஒரு இணைப்பை மாற்றி அடுத்த தலைமுறை. மதிப்பெண் சமமாக இருந்தால் கேட் குறைவாக உள்ளது ஜெயிக்கும். இப்படியே ஆயிரக்கணக்கான தலைமுறை.

பக்கத்து அறை முபாரக் சிக்னல் பிராசசிங் எடுப்பவர். விவரமாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப நீங்க டிசைன் பண்ணல மேடம், மேய்க்கிறீங்க" என்றார். தவறில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஆக்னஸ் காட்டும் ஆஸ்பத்திரியிலேயே அனுமதி வாங்கிவிட்டேன். பிறந்த குழந்தைகள் வார்டில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அழுகை பதிவு செய்தேன். ஒவ்வொரு தாயிடமும் கேட்டுவிட்டுத்தான். ஒரு அம்மா, "என் புள்ள அழுகையை வச்சு என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். என் தம்பிக்கு என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சிக்கு என்று சொல்லியிருக்கவேண்டும்.

அழுகை அல்லாத சத்தங்களை என் வீட்டிலேயே எடுத்தேன். குக்கர், மிக்ஸி, பூனை, டிவி, ஆட்டோ ஹார்ன், கீரைக்காரர் குரல்.

ஜூன் 22, சனி

பரிதி வீட்டுக்கு மாவு கொண்டுபோனேன். அவர்கள் காது கேளாதோர் சங்கத்து நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கைகள் வேகவேகமாகப் போயின. பரிதியும் நானும் சின்ன வயதில் எங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட சைகைகள் வேறு, இவர்களுடையது வேறு. பாதிதான் பிடிபட்டது. ஆக்னஸ் என்னைக் காட்டி இரண்டு விரலால் உதட்டைத் தட்டி எதையோ சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி இருக்கும்.

டீ நன்றாக இருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

கம்ப்யூட்டரில் ஓட்டம் நடக்கிறது. துணி துவைத்தேன்.

ஜூலை 10, புதன்

இன்று ஆக்னஸுக்கு ஸ்கேன். பரிதியின் ஆஸ்பத்திரி, பேங்க், ஆதார், வேலைக்கான நேர்காணல் எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போய்ப் பேசுவது வழக்கம். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி லீவு போட்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஸ்கேன் முடிந்து இரண்டு பேரும் வெளியே கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் ஃபோனில் எழுதிக் காட்டியே எல்லாம் கேட்டுக்கொண்டார்களாம். "நீ அலைய வேண்டாம்னுதான்கா" என்று எழுதியிருந்தான்.

சௌகரியமாகப் போயிற்று. வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்தினேன். ஒரு தாளில் கூட்டலைத் தப்பாகப் போட்டுத் திரும்பத் திருத்தினேன்.

ஜூலை 20, சனி

கிடைத்துவிட்டது. ஒரு வாரத்துக்கு முன் இருநூறுக்கு மேல் கேட் இருந்தது. இன்று நாற்பத்தொன்று. பழக்காமல் ஒதுக்கிவைத்திருந்த சத்தங்களையும் கொடுத்துப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. நான் கையால் வரைந்திருந்தால் இதைப்போல ஐந்து மடங்கு ஆகியிருக்கும்.

தாளில் வரைந்து பார்த்தேன். ஒரு கேட்டின் முடிவு சுற்றிக்கொண்டு போய்த் தனக்கே திரும்பி வருகிறது. எதற்கு என்று விளங்கவில்லை. வைத்தியலிங்கம் சாரிடம் காட்டினேன். பல வருடங்களில் முதல்முறையாக எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்படி வேலை செய்யுதுன்னு இன்னும் புரியல சார்."

"புரியலைன்னா என்னம்மா? வேலை செய்யுதுல்ல. கான்ஃபரன்சுக்குக் கடைசித் தேதி வியாழக்கிழமை. எழுதுங்க."

எழுதப் போகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரிப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் நெரிசல். வாட்ச் செய்து முடித்தாயிற்று. பட்டையை மட்டும் சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் தேடி வாங்கினேன், ஆக்னஸுக்குப் பிடித்த ஊதா நிறம். அவளுக்குப் பிடித்தது ஊதாதான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெண் குழந்தை. காலை ஏழரைக்கு. இரண்டே முக்கால் கிலோ. இரண்டு பேரும் நலம். பரிதி என் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வாட்சைக் கொண்டுபோய் ஆக்னஸ் கையில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டாள். வாட்சின் சுவிட்சைப் போட்டேன், உடனே அதிர்ந்தது. ஆக்னஸ் என்னைப் பார்த்துச் சிரித்து என் கையை அழுத்தினாள். நர்ஸ் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பரிதி வீடியோ எடுத்தான்.

ரொம்ப நாள் கழித்து ஹோட்டலில் சாப்பிட்டேன். ரவா தோசை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இன்று போனேன். குழந்தை சேலைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளியிலிருந்து ஒரு துணிக்கயிறு ஆக்னஸின் கைக்கு வந்திருந்தது. அவள் கீழே படுத்திருந்தாள். குழந்தை உதைத்து அழுதால் தூளி ஆடி, கயிறு இழுக்கும்.

அதே நேரம் குழந்தை அழ ஆரம்பித்தாள். நான் வாட்சைப் பார்த்தேன். அசைவே இல்லை. ஆக்னஸ் எழுந்து தூக்கிக்கொண்டாள். பிறகு இன்னும் இரண்டு முறை அழுதபோதும் அப்படித்தான். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

வாட்சைக் கழற்றி எடுத்துவந்துவிட்டேன். இணைப்பு எங்கேயாவது விட்டிருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இணைப்பு விடவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை சோதித்துவிட்டேன்.

மத்தியானம் முபாரக் என் மேஜைக்கு வந்து நின்றார். "அழுகை எல்லாத்தையும் எங்க எடுத்தீங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரி வார்டுல."

"மத்த சத்தம்?"

"என் வீட்ல."

வார்டுப் பதிவில் எந்தக் குழந்தையும் அழாத ஒரு துண்டை எடுத்துச் சர்க்யூட்டுக்குக் கொடுத்தேன். அழுகை என்றது. இன்னொரு துண்டு. அதுவும் அழுகை. காதில் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டேன். வார்டு ஏசியின் உறுமல் அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைப் பதிவு எல்லாவற்றிலும் அது உண்டு. என் வீட்டில் ஏசி கிடையாது.

நாற்பத்தொரு கேட்டுகளும் கண்டுபிடித்தது ஏசியை. அதற்கு அதுதான் சுலபமான வழி. சோதிக்க ஒதுக்கிவைத்ததும் அதே வார்டு, அதே வீடு. அதனால்தான் தொண்ணூற்றெட்டு. கொடுத்த கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

"வருத்தப்படாதீங்க மேடம். எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் முபாரக். நான் வருத்தப்படவில்லை. நாலு மணி வகுப்புக்குப் போனேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பரிதியிடம் சொல்லப் போனேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆக்னஸ் உள்ளே குழந்தையோடு தூங்கினாள்.

ஏசி விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அங்கயே தெரியும்கா" என்றான். "பாப்பா தூங்கறப்பவும் அது அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஆக்னஸ் தூங்கவே இல்ல. கழட்டித் தலகாணிக்கு அடியில வச்சிட்டா."

"ஏன்டா சொல்லல?"

"உன் முகம் அப்படி இருந்துச்சு. சொல்ல வேணாம்னுட்டா அவ."

அதோடு விட்டிருக்கலாம். வேறு பதிவு எடுத்து மறுபடி செய்கிறேன், இந்தத் தடவை சரியாக வரும் என்றேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினான். நாங்கள் சின்ன வயதில் சண்டை போட்டால் அப்படித்தான் செய்வான், கையைப் பிடித்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு விட்டுவிட்டு மெதுவாக, எனக்குப் புரிகிற பழைய சைகையிலேயே சொன்னான்.

"எங்களுக்கு வேணுமான்னு நீ ஒரு தடவை கேட்டியா? ஸ்கூல்ல இருந்து இப்படித்தான். டாக்டர் என்கிட்ட கேட்டா நீ பதில் சொல்லுவ. எனக்கு என்ன வேணும்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிரும். இங்க உனக்கு என்ன பேரு தெரியுமா?" இரண்டு விரலால் உதட்டைத் தட்டினான். "பேசுறவ. நான் வைக்கல. சங்கத்துல வச்சாங்க."

எனக்கு வந்த வரன்களைப் பற்றியும் பேச்செடுத்தான். தனக்காக அவற்றை மறுக்கச் சொல்லித் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றான். அது இந்த விஷயத்தில் சேராது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வீடு இருக்கும் காட்டூரில் இறங்குவதற்குப் பதிலாக இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் காலையில் மெயில் வந்தது. மதிப்பிட்டவர்களில் ஒருவர் 'வியக்கத்தக்க சுருக்கம்' என்று எழுதியிருக்கிறார்.

வைத்தியலிங்கம் சார் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆஸ்பத்திரிச் சூழல்ல வேலை செய்யுதுன்னு ஒரு வரி சேத்துருங்களேன். பொய் இல்லையே அது."

"ஆஸ்பத்திரில தூங்கற குழந்தைக்கும் அடிக்குது சார்."

"டிசம்பரோட உங்க பிஎச்டி பதிவு முடியுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"இதை வாபஸ் வாங்கினா கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும் சார்."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போடறேன். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு வாபஸ் மெயிலை அனுப்பினேன். பிறகு வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் துடைத்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பொன்மலைப்பட்டிக்குப் போகவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆக்னஸிடமிருந்து செய்தி. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவளாக எனக்கு எழுதியது இதுதான் முதல்முறை, பண்டிகை வாழ்த்தைத் தவிர்த்து.

"அண்ணி, ராத்திரிக்கு வாட்ச் வேண்டாம். கயிறு போதும். பகலில் அவர் வேலைக்குப் போய்விடுகிறார். நான் குளிக்கும்போது, மாடியில் துணி காயப்போடும்போது பயம். ஓடி ஓடி வந்து பார்க்கிறேன். அதற்கு வேண்டும். சின்னச் சிணுங்கலுக்கு அடிக்கக் கூடாது. செய்ய முடியுமா?"

மூன்று முறை படித்தேன். எத்தனையோ விஷயம் எழுதத் தோன்றியது. 'முடியும் என்று நினைக்கிறேன். எது சிணுங்கல், எது அழுகை என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும்' என்று மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 14, சனி

காலையிலேயே போய்விட்டேன். பதிவுக் கருவியில் ஒரு பட்டன் வைத்திருந்தேன். நிஜ அழுகை என்று தோன்றும்போது ஆக்னஸ் அழுத்தவேண்டும், முடிந்ததும் விடவேண்டும். ஒரே அறை, ஒரே ஃபேன், ஒரே தெருச் சத்தம். அழுகையும் அங்கேதான், அழாததும் அங்கேதான்.

முதலில் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கேட்காதவள் எப்படிப் பிரிப்பாள்? ஒருமுறை குழந்தை உரக்கக் கத்தினாள். நான் நிமிர்ந்தேன். ஆக்னஸ் பட்டனைத் தொடவில்லை.

"முக்கறா" என்றாள். "கண்ணைப் பாருங்க, தூக்கத்துலதான் இருக்கா."

உண்மைதான். சத்தம் தானாக அடங்கிவிட்டது. இன்னொரு முறை, சத்தமே வராதபோது அழுத்திவிட்டாள். தப்பு என்று சொல்லக் கையைத் தூக்கினேன். குழந்தையின் கீழுதடு பிதுங்கியிருந்தது. அடுத்த நொடி வீடே அதிர அழுதாள். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். ஆக்னஸ் சிரித்துவிட்டாள். நானும்.

பரிதி மத்தியானம் வந்தான். நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மூன்று பேருக்கும் சோறு போட்டான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்றாவது வாரமாகப் போகிறேன். பதிவு போதுமான அளவு சேர்ந்துவிட்டது. மைக் வாட்சுக்குள்தான் இருக்கும் என்பதால், ஆக்னஸ் போகிற மொட்டைமாடி, மாடிப்படி ஓரம், சமையலறை வாசல் என்று இடம் மாற்றியும் எடுத்திருக்கிறேன்.

அவர்கள் சைகையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். பாலுக்கு, தூக்கத்துக்கு, நாளைக்கு, பரவாயில்லைக்கு. ஆக்னஸ் நான் தப்பாகச் செய்தால் விரலைப் பிடித்து மடக்கிச் சரிசெய்கிறாள். இன்று 'நாளைக்கு வருகிறேன்' என்பதற்குப் பதில் 'நாளைக்கு விற்கிறேன்' என்றேனாம். பரிதி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

குழந்தைக்கு மிரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைப்பெயர் வேறு. வலது கன்னத்துக் குழியில் சுண்டுவிரல்.

அக்டோபர் 6, ஞாயிறு

புதிய ஓட்டம் முடிந்தது. அறுபத்தாறு கேட். நூற்றுக்குத் தொண்ணூறு. முந்தையதைவிடப் பெரிசு, மதிப்பெண்ணும் குறைவு. ஃபேனை நிறுத்திக் கொடுத்தேன், பக்கத்து வீட்டு டிவியைச் சேர்த்துக் கொடுத்தேன். என் வீட்டுக்கும் எடுத்துப்போய்ப் பழைய வார்டுப் பதிவைக்கூடப் போட்டுப் பார்த்தேன். வெறும் ஏசிக்கு அசையவில்லை. விட்டு விட்டு வரும் இழுப்பை, நடுவில் மூச்சு வாங்கும் இடைவெளியோடு சேர்த்துப் பார்க்கிறது போலிருக்கிறது. முழுக்கப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

பத்தில் ஒன்று தவறும் என்பதை ஆக்னஸிடம் மறைக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு, "ஒரு தடவை விட்டா அவ விடமாட்டா அண்ணி, மறுபடியும் அழுவா. அப்ப அடிக்கும்ல?" என்றாள். அடிக்கும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முபாரக், "மறுபடி எழுதலாமே மேடம். பழையது எப்படித் தப்பாச்சுங்கறதையும் சேத்து" என்றார். எழுதத் தொடங்கியிருக்கிறேன். பட்டன் அழுத்தியவர் என்று ஆக்னஸின் பெயரையும் போடவேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கால நீட்டிப்பைப் பற்றி இன்னும் பதில் இல்லை. கேட்டால் 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்கிறார்கள். மழைக்கு முன் மொட்டைமாடி ஓட்டையை அடைக்க ஆள் வந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு பரிதி சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தான். ஆக்னஸ் ஒரு பக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். வாட்ச் அவள் கையில் இருந்தது. மிரியம் தூளியில் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

நாலைந்து தாள் ஆகியிருக்கும். தூளி அசைந்தது. முதலில் சிணுங்கல். பிறகு உதடு பிதுங்கியது. பிறகு முழுக் குரலில் அழ ஆரம்பித்தாள்.

நான் ஒரு கை நீட்டினால் எட்டிவிடும் தூரம். என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. பேனாவை மூடினேன், திறந்தேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. வாட்ச் மாடியில் என்ன செய்கிறதென்று இங்கிருந்து தெரியாது. பத்தில் ஒன்று என்று நானே சொல்லியிருக்கிறேன். நான் எழுந்திருக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. ஆக்னஸ் வேகமாக வந்தாள், ஓடி அல்ல. கையில் இரண்டு கிளிப் இருந்தது. அதை என் விடைத்தாள்மேல் போட்டுவிட்டு மிரியத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை சட்டென்று குறைந்தது. நான் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சொன்னாள். அவர்கள் சைகையில்தான், வழக்கமான வேகத்தில். எனக்குப் புரிந்தது.

"மழை வரும்போல இருக்கு அண்ணி. மிச்சத் துணியக் கொஞ்சம் எடுத்துட்டு வந்துருங்க."

மாடிக்குப் போனேன்.